கடைக்கு ஒரு கதவு இருந்தது

(பட்டிமன்றத் தலைப்பு: பிள்ளைகளுக்கு விளையாட்டின் இன்பத்தை நிறையத் தந்தது அன்றைய வீடியோ கேம் கடையா? இன்றைய கைப்பேசியா? ‘கடையே’ என்ற அணியில் நிறைவாகப் பேசியது.)

அன்பு நிறைந்த அவைக்கும், நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் இடி வாங்குகிற நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசி முடித்துவிட்டு, ‘இனிமே இந்தம்மா என்னத்தப் பேசிடப் போகுது’ என்கிற தைரியத்தில் சோடா குடித்துக்கொண்டிருக்கிற எதிரணித் தம்பிக்கும் என் வணக்கம். (சிரிப்பு, கைதட்டல்)

தம்பி நல்லாப் பேசினாரு. ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க. “கைப்பேசியில லட்சம் விளையாட்டு இருக்கு. உங்க கடையில என்னம்மா இருந்துச்சு? ஒரு டி.வி., ஒரு பிளாஸ்டிக் டப்பா, ரெண்டு ஒயரு!” நடுவர் அவர்களே, தம்பிக்குக் கணக்கு வரவில்லை. ஒரு டி.வி., ஒரு டப்பா, ரெண்டு ஒயரு, அப்புறம் இருபது பேரு. அந்த இருபது பேரை எண்ணாம விட்டுட்டாரு. இன்றைக்கு என் வழக்கே அந்த இருபது பேரைப் பற்றித்தான். (கைதட்டல்)

இங்கே பின்வரிசையில் இருக்கிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்தக் கடை எப்படி இருக்கும் என்றே தெரியாது. சொல்லிவிடுகிறேன். 1980களில் டி.வி. இருந்த வீடு தெருவுக்கு ரெண்டு. வீட்டில் காதுகுத்து, சடங்கு என்றால் டி.வி.யும் டெக்கும் மூணு கேசட்டும் சேர்த்து ஒரு ராத்திரி வாடகைக்கு வரும். விடிய விடிய மூணு படம். மூணாவது படம் ஓடும்போது முழிச்சிருக்கிறது அந்த டி.வி. ஒண்ணுதான். (சிரிப்பு) இப்படி வாடகைக்கு விடுகிற கடைக்கு வீடியோ லைப்ரரி என்று பெயர். லைப்ரரி என்று பெயர் வைத்து நம்ம ஊரில் கூட்டம் அலைமோதிய ஒரே இடம் அதுதான். (சிரிப்பு)

மதுரையில் எங்கள் சந்து முனையிலும் ஒரு வீடியோ லைப்ரரி இருந்தது. கடைக்கார அண்ணனுக்கு ஒரு கவலை. ராத்திரி டி.வி.க்கு வேலை உண்டு. பகலில் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிற டி.வி.யை எப்படிச் சம்பாதிக்க வைப்பது? மெட்ராஸுக்குப் போனார், பர்மா பஜாரில் ஒரு பெட்டி வாங்கி வந்தார். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நம் ஜனங்கள், கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ராஜாஜி சாலை ஓரத்தில் கடை போட்டுப் பிழைத்த இடம் அது. வெளிநாட்டுச் சாமான் எது வேண்டுமானாலும் அங்கேதான் போக வேண்டும். அங்கிருந்து இந்தப் பெட்டி எங்கள் சந்துக்கு வந்தது 1990ஆம் வருஷம். நான் பத்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை. என் தம்பி ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டியவன்.

அந்தப் பெட்டியின் மூலம் எது தெரியுமா? ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983 ஜூலை 15ஆம் தேதி ஃபேமிகாம் என்று ஒன்றை வெளியிட்டது. விலை 14,800 யென். அதைப் பார்த்துப் பார்த்து அச்சடித்த நகல்கள்தான் நம் கடைகளுக்கு வந்தவை. அசலை நாங்கள் கண்ணால் கண்டதே இல்லை. எங்களுக்கு நகல்தான் அசல். அதில் செருகுகிற கட்டைக்கு வேறு பெயர் இருக்கிறதாம். நாங்கள் அதையும் கேசட் என்றுதான் சொன்னோம். பாட்டுக்கும் கேசட், படத்துக்கும் கேசட், விளையாட்டுக்கும் கேசட்.

ஒரு கேசட்டின் மேல் ‘ஒன்றில் 9999’ என்று போட்டிருக்கும். ஒரே கேசட்டில் 9999 விளையாட்டு! போட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது அஞ்சோ ஆறோ. அதையே முதல் கட்டத்திலிருந்து ஒரு பேர், மூணாவது கட்டத்திலிருந்து இன்னொரு பேர், வேகத்தைக் கூட்டி வேறொரு பேர் என்று திரும்பத் திரும்ப வரிசை போட்டிருப்பான். எனக்குத் தேர்தல் அறிக்கை படிக்கிற பழக்கம் அப்போது இல்லாததால் உடனே புரியவில்லை. (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

கேசட் ஓடவில்லை என்றால் என்ன செய்வோம்? ஊதுவோம். அண்ணன் அதை வாயருகே வைத்து, கண்ணை மூடி, மந்திரிக்கிற மாதிரி ஒரு ஊது. செருகுவார். ஓடும். ஜப்பான், அமெரிக்கா, மதுரை, உலகம் பூரா பிள்ளைகள் இதையே செய்திருக்கிறார்கள், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமலே. உண்மையில் ஊதுவதால் ஒன்றும் இல்லை. எடுத்து மறுபடி செருகும்போது உள்ளே செப்புக் கால்கள் சரியாகப் படிகின்றன, அவ்வளவுதான். வாயின் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும், ஊதாதீர்கள் என்று கம்பெனியே சொன்னது. யார் கேட்டது? நம்ம ஊரில் ஊதினால் காய்ச்சலே போகும்போது கேசட் ஓடாதா? (சிரிப்பு)

சரி, அந்த அஞ்சாறு விளையாட்டில் என்ன இருந்தது? மரியோவை எடுங்கள். 1985இல் மியாமோட்டோ என்கிற ஜப்பானியரின் தலைமையில் செய்த விளையாட்டு. எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம், மொத்தம் 32. அந்த முழு விளையாட்டின் அளவு 40 கிலோபைட். காலையில் எழுந்ததும் ‘இனிய காலை வணக்கம்’ என்று ஒரு ரோஜாப்பூப் படத்தை நமக்கு அனுப்புகிறார்களே சொந்தக்காரர்கள், அந்த ஒரு ரோஜாப்பூ பெரும்பாலும் இதைவிடப் பெரிது! (சிரிப்பு) எப்படி அடக்கினார்கள்? மரியோவில் வானத்தில் மேகம் வரும், தரையில் புதர் வரும். இரண்டும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். நம் வீட்டில் நேற்றைய இட்லி இன்றைக்கு உப்புமாவாக வருகிறதே, அந்த அறிவு. (கைதட்டல்) ஒவ்வொரு கோட்டையையும் உயிரைக் கொடுத்துத் தாண்டினால், அங்கே ஒரு குட்டி ஆள் நின்றுகொண்டு, இளவரசி இங்கே இல்லை, வேற கோட்டையில் இருக்காங்க என்பான். ஜாதிச் சான்றிதழ் வாங்கப் போனவர்களுக்கு அந்த வேதனை புரியும். (சிரிப்பு)

இப்போது காசுக் கணக்கு. அரை மணி நேரத்துக்கு 3 ரூபாய். ஒரு பையனிடம் 3 ரூபாய் இருக்காது. ஒருத்தன் ஒரு ரூபாய், ஒருத்தன் எட்டணா, இன்னொருத்தன் எட்டணா, மீதியை நாலாவது ஆள் போடுவான். நாலு பேர் கூட்டுச் சேர்ந்தால் அரை மணி. அதாவது விளையாட வேண்டுமானால் முதலில் மூணு பேரோடு சமாதானமாகப் போக வேண்டும். காலையில் சண்டை போட்டவனை மதியம் தோளில் கை போட்டுக் கூப்பிட வேண்டும், ஏனென்றால் அவனிடம்தான் அந்த ஒரு ரூபாய் இருக்கிறது. நட்புக்கு வேறு என்ன பாடத்திட்டம் வேண்டும்? (கைதட்டல்)

அண்ணனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு. பேர், ஆரம்பித்த நேரம், முடிகிற நேரம். நம்ம ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று மின்வாரியத்துக்கும் தெரியாது, முருகனுக்கும் தெரியாது. ஏழு நிமிஷம் ஆடியிருப்பார்கள், பொசுக்கென்று போய்விடும். அந்தப் பெட்டியில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கிற வசதி எங்களுக்கு வந்த கேசட்டுகளில் கிடையாது. மூணாவது உலகம் வரை போன மரியோ, கரண்ட் வந்ததும் முதல் உலகத்தில் குழந்தையாக நிற்பான். இந்த நஷ்டம் யாருக்கு? பையன்கள் சொல்வார்கள், “மொத அரை மணியும் மறுபடி குடுங்கண்ணே”. அண்ணன் சொல்வார், “கரண்ட நானாடா நிப்பாட்டினேன்?” கடைசியில் அண்ணன் நோட்டில் ‘பாக்கி 23 நிமிஷம்’ என்று எழுதுவார். கைப்பேசி விளையாட்டில் உங்கள் சிக்னல் போனால் யாராவது பாக்கி எழுதுகிறார்களா? தோற்றது தோற்றதுதான். யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

அடுத்து, அறிவு எப்படிப் பரவியது என்று பாருங்கள். காண்ட்ரா என்று ஒரு விளையாட்டு. இரண்டு பேர் துப்பாக்கியோடு போவார்கள். வெகு சீக்கிரம் செத்துப்போவார்கள். ஆரம்பத்தில் கொடுப்பது மூணு உயிர். ஆனால் தலைப்புப் படம் வரும்போது, மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அமுக்கினால் 30 உயிர்! இது ஹஷிமோட்டோ என்கிற ஜப்பானியர் 1986இல் வேறொரு விளையாட்டில் வைத்த ரகசியம். விளையாட்டைச் சரிபார்க்க வேண்டியவர் அவர். அது அவருக்கே ஆட முடியாத அளவுக்குக் கஷ்டமாக இருந்ததால், தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி. அவர் 2020இல் காலமானார். நான் கேட்கிறேன், அவர் ஜப்பானில் வைத்த ரகசியம், இணையம் இல்லாத காலத்தில், மதுரையில் ஒரு சந்து வரைக்கும் எப்படி வந்தது? வாயால் வந்தது. மெட்ராஸ் மாமா பையன் திருச்சிப் பையனுக்குச் சொன்னான், திருச்சிப் பையன் லீவுக்கு மதுரைக்கு வந்தான். தொல்காப்பியம் வந்த வழியும் ஏறத்தாழ இதுதான். (சிரிப்பு, கைதட்டல்)

இந்த 30 உயிரை ஒரு பையன் இன்னொரு பையனுக்குச் சும்மா கொடுத்தான். இன்றைக்கு? 2012இல் மிட்டாயை வரிசையாக அடுக்குகிற ஒரு விளையாட்டு வந்தது, கேண்டி கிரஷ். எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் அதற்குத்தான் அதிக வருகைப் பதிவு. (சிரிப்பு) அஞ்சு உயிர் கொடுப்பான். தீர்ந்தால் ஒரு உயிர் மறுபடி ஊற 30 நிமிஷம் காத்திரு. காத்திருக்க முடியாதா? காசு கொடு. நடுவர் அவர்களே, எங்கள் கடையில் நேரத்தை விற்றார்கள். கைப்பேசியில் உயிரை விற்கிறார்கள். எமதர்மனே இந்த வியாபாரம் செய்ததில்லை! (பலத்த கைதட்டல்)

துப்பாக்கி ஆட்டம் ஒன்று உண்டு. வாத்துச் சுடுகிற ஆட்டம். டி.வி.க்குள் வாத்து பறக்கும், நாம் பிளாஸ்டிக் துப்பாக்கியால் சுட வேண்டும். தவறினால் ஒரு நாய் எழுந்து நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அந்த நாயைச் சுட முடியாது. அந்த ஆத்திரத்தில்தான் மறுநாளும் 3 ரூபாய் போகும். இந்தத் துப்பாக்கியில் இருந்து டி.வி.க்கு ஏதோ பாய்கிறது என்று நாங்கள் நினைத்தோம். எந்திரம் அப்படி அல்ல. விசையை அமுக்கியதும் ஒரு கண நேரம், ஒரு நொடியில் அம்பது அறுபதில் ஒரு பங்கு, திரை முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாகும். துப்பாக்கிக்குள் இருப்பது வெளிச்சத்தைப் பார்க்கிற ஒரு கண். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று அது பார்த்துவிட்டால், வாத்து செத்தது. ஒரு பையன் குண்டு பல்பைப் பார்த்துச் சுட்டான், ஏமாறவில்லை. பல்பில் அந்த இருட்டு இல்லையே! பழைய குண்டு டி.வி. போய்த் தட்டை டி.வி. வந்ததும் அந்தத் துப்பாக்கிக்கும் கண் போய்விட்டது. அதில் வேலை செய்யாது. ஆக, நாம் டி.வி.யைச் சுட்டோம் என்று நினைத்தோம். உண்மையில் டி.வி.தான் நம்மைச் சுட்டுக்கொண்டிருந்தது! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

இதுவரைக்கும் எதிரணி சிரித்துக்கொண்டிருக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். எதிரணியில் பேசிய என் தங்கை ஒரு கேள்வி போட்டிருக்கிறார். “அந்தக் கடைக்குள் பெண்பிள்ளைகள் போனார்களா?” என்று. கடையணியில் பேசியவர்கள் மூணு பேரும் அதைத் தொடவில்லை, ஏனென்றால் மூணு பேரும் ஆண்கள். (சிரிப்பு) பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

நான் போனேன். எப்படிப் போனேன்? எங்கள் அம்மா அனுப்பி. “ஏய், அவன் கூடப் போ. எவன் கூடயாச்சும் மல்லுக்கு நிப்பான், கண்ணு வச்சுப் பாத்துக்க.” தம்பிக்குக் காவல் என்கிற பாஸ்போர்ட்டில் நான் அந்த நாட்டுக்குள் நுழைந்தேன். (சிரிப்பு) அண்ணன் வாசல் ஓரம் ஒரு முக்காலி போட்டார். இருபது பையன்கள், ஒரு முக்காலி, அதில் நான். பத்து நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினோராவது நாள் தம்பியின் கூட்டாளி வரவில்லை. “யக்கா, நீ பிடி” என்றான்.

மரியோவில் இரண்டாவது ஆளுக்கு லூயிஜி என்று பெயர். மரியோவுக்கு அவன் தம்பி. ஆக வீட்டில் நான் அக்கா, டி.வி.க்குள்ளே நான் தம்பி! (சிரிப்பு) அதிலும் முதல் ஆள் செத்தால்தான் இரண்டாவது ஆளுக்கு முறை வரும். என் சொந்தத் தம்பி எப்போது சாவான் என்று குழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். (பலத்த சிரிப்பு) துப்பாக்கி ஆட்டத்தில் ஒரு வாரத்தில் அந்தக் கடையில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை. பையன்கள் என்னைக் கூட்டுச் சேர்க்க எட்டணா அதிகம் போடத் தயாராக இருந்தார்கள். எனக்குக் கிடைத்த முதல் சம்பள உயர்வு அது.

ஒரு மாதம். தெருவில் யாரோ ஒருவர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா கோபக்காரர் இல்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், “பொம்பளப் பிள்ளைக்கு அங்கிட்டு என்ன வேல? இனிமே போக வேணாம்.” அவ்வளவுதான். தம்பி மறுநாளும் போனான். அவனுக்குக் காவல் தேவைப்படவில்லை. நாலாவது உலகத்தோடு என் ஆட்டம் நின்றுபோனது. முப்பத்தைந்து வருஷம் ஆகிறது, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆகவே தங்கைச்சி, உன் கேள்வி நியாயம். கைப்பேசி உன் தலைமுறைப் பெண்ணுக்கு அந்தக் கதவைத் திறந்தது. அந்தப் புள்ளியை உன் அணிக்கே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். (கைதட்டல்)

ஆனால் ஒன்று கேட்கிறேன். என் மாணவி ஒருத்தி நன்றாக ஆடுவாள். அவள் சொன்னாள், “மேடம், நான் ஆம்பளப் பேரு வச்சுத்தான் ஆடுவேன். மைக்க ஆன் பண்ணவே மாட்டேன். பொண்ணுன்னு தெரிஞ்சா பேசுற பேச்சக் காது கொடுத்துக் கேக்க முடியாது.” முக்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு என் பேர் இருந்தது. உள்ளே போன அவளுக்குப் பேர் இல்லை. எங்கள் கடையில் ஒரு பையன் ஒரு தடவை வாய் தவறிப் பேசினான். அண்ணன் அவன் கையிலிருந்த ஒயரைப் பிடுங்கி, “வெளிய போடா” என்றார். இந்த வெளிய போடாவைச் சொல்ல இன்றைக்கு ஆள் யார்? புகார் பொத்தான் இருக்கிறதாம். அமுக்கினால், ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்று பதில் வருமாம். (சிரிப்பு)

நான் தமிழ் வாத்தியார். சங்கப் பாட்டில் பெண்பிள்ளைகள் ஓரை ஆடுகிறார்கள், கழங்கு ஆடுகிறார்கள், மணலில் சிற்றில் கட்டுகிறார்கள். ஆடுகிற பெண்ணைச் சொன்னால் கூடவே ஒரு சொல் வரும், ஆயம். கூட ஆடுகிற கூட்டம். ஆயத்தை விட்டுத் தனியாக ஒருத்தி நிற்கிறாள் என்றால், தாய்க்கும் தோழிக்கும் உடனே தெரிந்துவிடும், இவளுக்கு என்னமோ ஆகியிருக்கிறது என்று. அந்த முகம் பார்க்கிற வேலையைத்தான் நான் சொல்கிறேன்.

எங்கள் கடைக்கு ஒரு பையன் வருவான். எப்போதும் சில்லறையோடு வருகிறவன். ஒருநாள் பத்து ரூபாய்த் தாளோடு வந்தான். மறுநாள் இன்னொரு பத்து. மூணாம் நாள் அண்ணன் அந்தத் தாளை வாங்கவில்லை. கடையில் இருந்த பெரிய பையன் ஒருத்தனிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு, இவனைச் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. நாலு நாள் கழித்து அந்தப் பையன் மறுபடி சில்லறையோடு வந்தான். அண்ணன் ஒன்றும் நடக்காத மாதிரி நோட்டில் பேர் எழுதினார். வியாபாரிதான் அவர். அன்றைக்கு அவருக்கு நஷ்டம் பத்து ரூபாய். இன்றைக்குப் பதிமூணு வயசுப் பிள்ளை அம்மாவுக்கு வந்த ஓ.டி.பி.யை எடுத்துப் போட்டு, துப்பாக்கிக்குத் தங்கக் கலர் வாங்குகிறது. வாங்குகிற கைக்கு அந்தப் பிள்ளையின் முகம் தெரியுமா? (அமைதி, பிறகு கைதட்டல்)

உடனே தம்பி எழுந்து, “எல்லாக் கடைக்காரரும் இப்படியா?” என்பாரு. இல்லை தம்பி. பள்ளிக்கூட நேரத்தில் யூனிஃபாரம் சட்டையைக் கழட்டச் சொல்லி உள்ளே விட்ட கடையும் இருந்தது. எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடைக்கு ஒரு கதவு இருந்தது. அம்மா போய்த் தட்டலாம். வாத்தியார் பிரம்போடு வாசலில் நிற்கலாம். நின்றார்கள்! எங்கள் பக்கம் ஒரு தாய் முறத்தை எடுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். புறநானூற்றில் இல்லை, வடக்கு மாசி வீதிப் பக்கத்தில். (பலத்த சிரிப்பு) இன்றைக்கு அந்த முறத்தை எடுத்துக்கொண்டு அவள் எந்த ஊருக்குப் போவாள்? கம்பெனி ஒரு நாட்டில், சர்வர் ஒரு நாட்டில்.

ராத்திரி எட்டு மணிக்கு அண்ணன் ஷட்டரை இழுப்பார். இழுத்தால் முடிந்தது. இதே ஷட்டரைக் கைப்பேசிக்குப் போட உலகம் என்ன பாடு படுகிறது தெரியுமா? தென்கொரியாவில் 2011இல் சட்டம் போட்டார்கள், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணையத்தில் ஆடக்கூடாது என்று. பத்து வருஷம் வைத்திருந்துவிட்டு, 2022 தொடக்கத்தோடு எடுத்துவிட்டார்கள்; பிள்ளைகள் எல்லாம் கைப்பேசிக்கு மாறியிருந்தார்கள், சட்டம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சீனாவில் 2021இல் 18 வயதுக்குக் கீழே என்றால் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாளில் மட்டும், ராத்திரி 8 முதல் 9 வரை ஒரே ஒரு மணி நேரம் என்றார்கள். நம் தமிழ்நாட்டில் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுக்கு எதிராக 2022இல் சட்டமன்றத்தில் மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பினார், மறுபடி மசோதா, 2023 ஏப்ரலில் ஒப்புதல், பிறகு நீதிமன்றம். 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் 5 வரை அந்த ஆட்டங்களுக்குள் நுழையக்கூடாது என்று விதி. அதே வருஷம் ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்தாடுவதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. எங்கள் அண்ணன் ஒற்றை ஆளாக ஒரு கொக்கியால் இழுத்த ஷட்டரை இழுக்க, சட்டமன்றம், உயர் நீதிமன்றம், நாடாளுமன்றம் மூன்றும் கைகொடுக்க வேண்டியிருக்கிறது! (நீண்ட கைதட்டல்)

“அது சூதாட்டம்மா, விளையாட்டு வேற” என்பாரு தம்பி. வேறதான். வள்ளுவர் சூதுக்கென்று 94ஆம் அதிகாரமே ஒதுக்கியவர். ஆனால் பிள்ளை ஆடுகிற சாதாரண ஆட்டத்திலேயே, காசு கொடுத்து ஒரு பெட்டியை வாங்கு, உள்ளே என்ன இருக்கும் என்று திறந்தால்தான் தெரியும் என்று வைத்திருக்கிறார்களே, அது எந்த அதிகாரத்தில் வரும்? உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரி முதல், விளையாட்டை நிறுத்த முடியாத நிலையையும் ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. ஆடுகிற பிள்ளையெல்லாம் நோயாளி என்று அது சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கட்டுப்பாடு போய், சாப்பாடு படிப்பு எல்லாம் பின்னால் போய், கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் நிறுத்த முடியாமல், பொதுவாக ஒரு வருஷம் அப்படி இருந்தால்தான் அந்தப் பெயர். ஒரு வருஷம்! எங்கள் கடையில் ஒரு பையன் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை என்றால் அரை மணியில் தெரிந்துவிடும். “சாப்பிட்டியாடா? போ, சாப்பிட்டுட்டு வா. ஒன் எடம் எங்கயும் போகாது.”

கொரோனாவில் 2020இல் பள்ளி மூடியபோது கைப்பேசிதான் பிள்ளைகளைக் காப்பாற்றியது என்று எதிரணித் தலைவர் சொன்னார். உண்மை. அந்த ஒரு வருஷத்தில் பேசக்கூட ஆளில்லாத பிள்ளைக்கு அந்த நாலு பேர் அணிதான் துணை. நான் மறுக்கவில்லை. ஆனால் பள்ளி திறந்ததே, நாமும் வெளியே வந்தோமே, பிள்ளை மட்டும் ஏன் இன்னும் அறைக்குள்ளேயே இருக்கிறது? அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தலைவர் தன் தீர்ப்புரையைக் கேட்கட்டும்.

அந்தக் கடை என்ன ஆனது என்று கேட்பீர்கள். கேபிள் வந்தது, வீடியோ வாடகை படுத்தது. 2000 வாக்கில் பிரௌசிங் சென்டர் ஆனது. அதுவும் போய் இப்போது மொபைல் ரிப்பேர். அண்ணனுடைய மகன் உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடி உடைந்த கைப்பேசியோடு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, “ரெண்டு நாள் ஆகும்” என்கிறான். எல்லாம் ஒரு மணி நேர வேலைதான். நான் ஏன் தம்பி என்று கேட்டேன். “டீச்சர், ரெண்டு நாள் தெருவுல வெளையாடட்டும்.” (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் ஐயா மணியை அடித்துவிட்டார். ஐயா, கரண்ட் போனால்கூட எங்கள் அண்ணன் பாக்கி நிமிஷத்தை நோட்டில் எழுதிக்கொடுப்பார். எனக்கு ஒரு பத்து நிமிஷம் பாக்கி என்று குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த மேடையில் வாங்கிக்கொள்கிறேன். (நீண்ட கைதட்டல்)